ஞானமுத்து சார் கவனக்குறைவால் சாகவில்லை

எங்கள் தோட்ட சூப்பர்வைசர் ஞானமுத்து அவர்கள் இறந்த செய்தி வந்தபோது நான் மில் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தேன். டிராக்டரிலிருந்து அறுத்தெடுத்த காப்புக் கம்பியைத் திரும்பப் பற்றவைக்க வேண்டும், வெல்டரைக் கூட்டி வா என்று என்னை அனுப்பியவரே அவர்தான். வெல்டர் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் போனை வைத்துவிட்டு வந்தார். "ராசு, வெல்டரு இனி வேண்டாங்க. வண்டி கவுந்துபோச்சாம். சார் அடியில மாட்டிப் போய்ச் சேர்ந்துட்டாராம்" என்றார்.

மில் தொழிலாளர் சங்கத்தின் மாதத் தாளுக்கு எழுதுபவன் நான் என்பதால் இந்த அஞ்சலியும் என் தலையில் விழுந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, யாரையும் இழுக்காதீங்க" என்றார் செயலாளர். சாரைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் இழுக்க வேண்டிய ஆளை இழுக்காமல் விடமாட்டேன். எங்கள் மேனேஜரைத்தான் சொல்கிறேன். சாருடைய பெயர் இருக்கும் தாளில் அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஞானமுத்து அவர்களுக்குச் சொந்த ஊர் கருமத்தம்பட்டி. தோட்டக்கலை படித்தவர். மதுக்கரைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் மில்லின் விருந்தினர் பங்களாவுக்குப் பொறுப்பாக வந்தார். முன்கோபி. ஆனால் எவ்வளவு கோபத்திலும் "கண்ணு" சேர்க்காமல் திட்டமாட்டார். "ஏங்கண்ணு, கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கறே?" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை. மேனேஜர் மட்டும் தப்பித்துக்கொண்டார், அவரைச் சார் "கண்ணு" என்று கூப்பிட்டதே இல்லை.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய சமயத்தில், பங்களா முன்னால் இருக்கும் புல்சரிவை வெட்ட முதலாளி ஒரு சின்ன டிராக்டரை வரவழைத்தார். அதன் வயிற்றுக்கடியில் சுழலும் கத்தி. சீட்டுக்குப் பின்னால், தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கனமான இரும்புக் கம்பி. அதை ஓட்ட என்னை வைத்தார்கள். சோமனூர்ப் பக்கம் பெரிய வண்டியில் உழுதவன் நான். இதைப் பார்த்துப் பொம்மை வண்டி என்று சிரித்தேன்.

சார் சிரிக்கவில்லை. முதலில் சரிவு முழுவதும் என்னை நடக்கவைத்தார். குழி, கல், குழாய் மூடி என்று கண்ட இடத்திலெல்லாம் குச்சி நட்டார். பிறகு சொன்னார்: "மேலயும் கீழயுமாப் போ கண்ணு. குறுக்க போகாதே. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் ஒரு குழியில எறங்குனாப் போதும், வண்டி உருண்டுரும். உருண்டாலும் இந்தக் கம்பி உன்னைய நசுங்க உடாது, பெல்ட்டு உன்னையக் கம்பிக்குள்ளயே புடிச்சு வெச்சுக்கும். திரும்பறதெல்லாம் மேல சமதரையில. கம்பி இல்லாத வண்டியில ஏறவே கூடாது."

காலையில் பனி இருந்தால் வேலை கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் புல்லைத் தேய்த்துப் பார்ப்பார். கால் வழுக்கினால் வண்டியும் வழுக்கும் என்பார். வெயில் ஏறும்வரை நான் சும்மா உட்கார்ந்திருப்பது மேனேஜருக்கு வயிற்றெரிச்சல்.

அந்த மேனேஜருக்கு வாஸ்துப் பைத்தியம் பிடித்தது. வண்டி ஷெட்டுக்குப் போகும் வழியில் ஒரு வளைவு கட்டினார். கம்பி அதில் இடித்தது. வளைவை உயர்த்தச் சொன்னார் சார். வாஸ்துக்காரர் சொன்ன உயரத்தை மாற்ற முடியாதாம். சார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கம்பியை அறுத்துவிட்டார்கள். திரும்பி வந்த சார் வண்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சரிவில் புல் வளர்ந்தது.

அதோடு விட்டிருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. பால்கனியிலிருந்து பார்த்தால் சரிவு பட்டுப்புடவைக் கரை மாதிரி பட்டை பட்டையாகத் தெரிய வேண்டும், அதனால் குறுக்கே வெட்ட வேண்டும் என்றார் மேனேஜர். தறியிலேயே பிழைத்தவருக்கு மலையும் புடவையாகத்தான் தெரிகிறது. சாரைக் கேட்காமல் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்து ஏறச் சொன்னார். நான் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். சார் ஓடிவந்து சாவியை உருவினார். "எறங்கு ராசு. போயி வெல்டரைக் கூட்டியா" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

நான் போன பிறகு நடந்ததை, களை எடுத்துக்கொண்டிருந்த பழனியாத்தாள் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறார். "வெல்டரு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க. உங்க ராசு ஓட்டமாட்டான்னா நாளையிலிருந்து வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றாராம் மேனேஜர். "அவனுக்கு ரண்டு கொழந்தைங்க இருக்குதுங்க. நானே ஓட்டறேன்" என்று சார் ஏறியிருக்கிறார். இரண்டாவது பட்டையில் பெருச்சாளி வளை ஒன்றில் கீழ்ச்சக்கரம் இறங்கி வண்டி உருண்டது. சற்று முன்பு நான் உட்கார்ந்திருந்த சீட்டு அது.

அடக்கம் முடிவதற்குள் மில் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஓட்டியவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து. வெறுங்காலால் புல்லைத் தேய்த்துப் பார்த்த மனிதருக்குக் கவனக்குறைவாம். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து என் ஆத்திரம் அடங்கவில்லை. அடக்கவும் எனக்கு விருப்பமில்லை.

இரங்கல் கூட்டத்தைப் பங்களாவிலேயே வைத்தார்கள். முன்வரிசையில் முதலாளியும் சாருடைய மனைவி எஸ்தர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் சாருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "அனுபவசாலிதான், கொஞ்சம் கவனமா ஓட்டியிருக்கலாம்" என்றார். நான் எழுந்துபோய் டிராக்டர் சாவியை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஏனுங்க சார், வண்டியை நிமித்தி ஓடற மாதிரிப் பண்ணிப்போட்டேன். சரிவு அங்கதான் இருக்குது. கவனமாக் குறுக்க ஓட்டறது எப்படீன்னு நீங்க ஒருக்கா காட்டுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளையாடறயா? கம்பி இல்லாத வண்டியில எவனாவது சரிவுல ஏறுவானா?"

எஸ்தர் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்கள்: "இதையேதானுங்க அவரும் உங்ககிட்டச் சொன்னாரு."

முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "கம்பியை அறுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். மறுநாள் அந்த நோட்டீஸ் பலகையில் இல்லை. எனக்கு அது போதாது. ஒட்டியவர் கையாலேயே இன்னொன்று ஒட்ட வேண்டும், யார் சொல்லி யார் ஏறினார் என்று. பழனியாத்தாளும் நானும் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். என் வேலை போகும் என்கிறார்கள். போகட்டும்.

சரிவில் இரண்டு பட்டை மட்டும் வெட்டியபடி கிடக்கிறது. மீதிப் புல் வளர்ந்து சாய்ந்துவிட்டது.

சார், ஜெபக் கூட்டத்தில் எஸ்தர் அம்மா எல்லாரையும் மன்னிக்கும்படி வேண்டினார்கள். உங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கும். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஆள் எந்த ஊர் மில்லுக்குப் போனாலும் அவருக்கு முன்னால் இந்தத் தாள் அங்கே போய்ச் சேரும். நீங்கள் போய் வாருங்கள், சார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.