அந்த நெகட்டிவ் வேற, இந்த நெகட்டிவ் வேற

அவளை எல்லாரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படியில் இறங்கிக்கொண்டே செருப்பு மாட்டுகிற ஜென்மம். டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். என்ன பிரயோஜனம்? மெஷினைத் துடைப்பது, நோயாளிகளுக்கு எடை பார்ப்பது, குழாய்களை எடுத்துக் கொடுப்பது, இதோடு சரி. நோயாளியின் கையில் ஊசியைக் குத்தி, ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுவருவதுதான் அவள் கண்ணில் வேலை. அதற்காக அவள் கை துறுதுறுவென்று கிடந்தது.

ஊசிப் பக்கம் விடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. ஹெபடைடிஸ் பி என்பது ரத்தத்தின் வழியே தொற்றி, ஈரலைப் பதம் பார்க்கிற கிருமி. அதற்கு எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முடிவு வந்தபோது அவசரம் குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது அம்மா. “நெகட்டிவ்” என்றார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், “எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையாம்” என்று சொல்லித் தீர்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது காலை வைத்துத் தைத்தும் விட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகள், விஷயத்தைக் கேட்டதும் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்த நெகட்டிவ் வேற, இந்த நெகட்டிவ் வேற. நோய் இல்லைன்னா நல்லது. இது எதிர்ப்புச் சக்தி இல்லைங்கிறது.”

“என்னடி பேசறே? நீ கைக்குழந்தையா இருந்தப்போ ஒரு ஊசி விடாம போட்டேனே. மழையில தூக்கிட்டு ஓடினேன். அதெல்லாம் எங்க போச்சு?”

நியாயமான கேள்விதான். கேட்டே தீருவது என்று அம்மா நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். ஹெட் நர்ஸ் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“போட்டது வீண்னு யாரும்மா சொன்னா? இந்த வயசுக்குள்ள நிறைய பேருக்கு அளவு குறைஞ்சிடும். உடம்புக்கு ஞாபகம் இருந்தா, ஞாபகப்படுத்த ஒரு பூஸ்டர் ஊசி போட்டதும் ஏறிடும். மத்த வேலையில இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. இவ ரத்தத்துலயே புழங்கப் போறவ, அதான் பார்க்கிறோம்.”

“ஏறலேன்னா?” என்றாள் அவசரம்.

“மறுபடி முழு கோர்ஸ் போடணும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, நோயாளிக்கு ஊசி குத்தற வேலை வேற ஆளுக்குப் போயிடும்.”

அப்போதே பூஸ்டர் போட்டுக்கொண்டாள். ஊர்க் கையிலெல்லாம் குத்தத் துடித்தவள், தன் கை என்றதும் கண்ணை இறுக்க மூடி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுபடி ரத்தம் எடுக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அவசரத்திடம் போய் ஒரு மாதம் பொறு என்றால்? தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அங்கே என்ன தண்ணீர்த் தொட்டியா இருக்கிறது, நிரம்புவது தெரிய? ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் அம்மாவும் விழித்துத்தான் கிடந்தாள். தன் வேலைக்காகத்தான் அம்மாவும் கவலைப்படுகிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் ரத்தமும் எடுத்து, முடிவு வரும் நாளும் வந்தது. ஹெட் நர்ஸ் வார்டு வாசலிலேயே அவளை மடக்கினார்.

“எதிர்ப்புச் சக்தி அளவு பத்து இருந்தாலே போதும். உனக்கு நூறைத் தாண்டிடுச்சு. உடம்பு எதையும் மறக்கலடி. போ, கையுறை மாட்டு.”

அவசரத்துக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தே விட்டாள். எடை பார்க்க நின்றிருந்த பெரியவர் இயந்திரத்திலிருந்து இறங்கி வழிவிட்டார். ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, ஏறிடுச்சு. இன்னைக்கே என்னை ஊசி போட விடறாங்க.”

தையல் மெஷின் சத்தம் நின்றது.

“வேலை கிடக்கட்டும். அந்த நோய் இனிமே உன்கிட்ட வராதுல்ல?”

இந்த ஒரு மாதமும் அம்மா தூங்காமல் கிடந்தது எதற்காக என்று அப்போதுதான் மகளுக்கு உறைத்தது.

“வராதும்மா.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கூப்பிடறாங்கம்மா, நான் போறேன்.”

“போ. பார்த்துக் குத்து. அவங்களும் ஒரு அம்மா பெத்த பிள்ளைங்கதான்.”