ஓநாய்த்தோலில் அளந்த தூரம்

கிதிராலி நடக்கும்போது உதடுகள் மெல்ல அசையும். நூறு அடிக்கு ஒரு கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றுவான். அன்று நாரின் நகரச் சந்தைக்கு வெளியே மூன்று கற்கள் மாறியதும், வேலியில் ஓர் ஓநாய்த்தோலைத் தொங்கவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே, அந்த வெள்ளைச் சுவரைப் பாத்து அமுக்குங்க, பட்டுனு தூரம் சொல்லும்," என்றான் லேசர் தூரமானி விற்கும் அல்மாஸ்.

"சுவரா வந்து என் குதிரையைத் தின்னுச்சு?"

குளிர்காலத்தில் அவனுடைய சினைக்குதிரையை ஒரு நொண்டி ஓநாய் கிழித்துப்போட்டிருந்தது. அதைக் கொல்லும்வரை குதிரைப்பால் தொடுவதில்லை என்றிருந்தான். அவனிடமிருந்த பழைய தூரமானியை நம்பமுடியாது. பனி விழுந்தால் பனியையே அளக்கும். மூன்று வருடம் முன் அதை நம்பிச் சுட்டு, ஓர் ஓநாயைத் தவறவிட்டிருந்தான்.

இரண்டு கருவிகள் தோலின் கறுத்த ரோமத்தில் தூரம் சொல்லாமல் வெறும் கோடு காட்டின. மூன்றாவது அவனுடைய அடிக்கணக்கோடு ஒத்துப்போனது.

"இதைக் குடு. இனி எப்படித் தப்புறான்னு பாக்குறேன்."

பத்தாம் நாள், பனித்தூறலில், ஒரே குண்டில் நொண்டி ஓநாய் விழுந்தது. கிதிராலி அதன் முகத்தில் காறித் துப்பினான்.

தோலுரிக்கும்போதுதான், காயம் ஆறிப்போன பின்னங்காலுக்குள் பழைய குண்டொன்று கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அவன் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும் குண்டு. மலையாட்டைத் துரத்தமுடியாதபடி நொண்டியாக்கி அந்த ஓநாயை அவன் தொழுவத்துக்கு அனுப்பியது அதுதான்.