அடைப்புக்குறிக்குள் ஒரு சாக்ஸஃபோன்

ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் தொழிலில் காதுக்குத்தான் வேலை, மனசுக்கு லீவு. ஹெட்போன் மாட்டிக் காது சிவந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். குழந்தை தூங்கிவிட்டாள். பயம் தூங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெடல்

பல்லாவரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். அமெரிக்க வானொலிப் பேட்டிகள் வரும். காலால் பெடலை அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். நடுவில் பாட்டு வந்தால் அடைப்புக்குறிக்குள் ‘இசை’ என்று அடித்துவிட்டுத் தாண்டிவிட வேண்டும். அன்று வந்தது ஒரு கறுப்பின ஜாஸ் கலைஞரின் பேட்டி. அவர் ஊர்ப் பையன் ஒருவனை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்றதாம். யாருக்கும் தண்டனை இல்லை. “கோர்ட்டில் அவன் பேரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் வாசித்தேன்” என்றவர் சாக்ஸஃபோனை எடுத்தார்.

என் கால் பெடலை விட்டு வரவில்லை. பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் தொடங்கிய சுரத்துக்கே வீடு திரும்பும் என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். இது திரும்பவில்லை. அந்தப் பையனைத் தேடி ஈரத் தெருக்களில் போய்க்கொண்டே இருந்தது. கீழே பஸ் ஹார்ன் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது. டீம் லீடர் மும்தாஜ் அக்கா தோளைத் தட்டினார்: “பாட்டு கேக்கவா உன்னை உக்கார வெச்சிருக்கு? இசைன்னு போட்டுட்டுப் போய்க்கினே இரு கண்ணு.”

கூப்பிடுகிறது

அப்படிப் போட விரல் வரவில்லை. ‘இசை: கூப்பிடுகிறது. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறது’ என்று இங்கிலீஷில் அடித்தேன். சரிபார்க்கிறவர்கள் கண்ணுக்கு எப்படியோ தப்பி அது அமெரிக்கா போய்விட்டது. வேலை போச்சு என்று டிபன் பாக்ஸைக்கூடப் பைக்குள் வைத்துவிட்டேன். வாடிக்கையாளர் பதிலை மும்தாஜ் அக்கா தமிழில் சொன்னார்: “அந்த வரி அப்படியே இருக்கட்டும். இதை அடித்தவர் யாரை இழந்தார்?”

ஸ்டேஷன் வாசல்

யாரையும் இழக்கவில்லை. இழந்துவிடுவேனோ என்றுதான் பயம். என் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் ஷிஃப்ட் முடித்து ரயிலில் திரும்புகிறவர். அங்கே நம் பையன்களை அடிக்கிறார்கள் என்று டிவி தினமும் சொல்கிறது. நானும் குழந்தையும் அவரிடம் போவதாக ஏற்பாடு. நானோ, “நீங்க வந்துடுங்க” என்று போனில் அழுகிறவள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் குரலுக்குப் பின்னால் ஒரு டிரம்பெட் கேட்டது. கூட வேலை செய்கிற நம்ம ஊர்ப் பையனை ரயில்வே ஸ்டேஷனில் அடித்துப் போட்டுவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனுக்காக அந்த ஸ்டேஷன் வாசலில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கிறார்கள். யாரோ ஒரு பெரியவர் வந்து வாசிக்கிறார். இவர் போனை உயர்த்திப் பிடித்தார். எங்கள் மேடவாக்கம் தெருவில் தண்ணி லாரி இரைந்தது. அதற்கு நடுவே அந்த ஒற்றைச் சத்தம் மிதந்து வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“கூட்டத்துல நிக்காதீங்க, ரூமுக்குப் போங்க” என்றேன்.

“எல்லாரும் ரூமுக்குப் போயிட்டா அவர் யாருக்கும்மா வாசிப்பாரு? இரு, முடியட்டும்.”

பயத்தையும் குழந்தையையும் ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரிடமே போவதற்காக நாளைக்குத் தாம்பரத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போகிறேன். அதில் சிரிக்கக் கூடாதாம், அது ஒன்றுதான் இப்போதைக்கு எனக்கு வசதி.