கலையாத முகம்

குமாரபாளையத்து அப்புசாமிக்கு மனிதர்களைப் பிடிக்காது, முகங்களைத்தான் பிடிக்கும். தறிக்குழியில் காலை விட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர், பதினாறு வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனார். இருபது வருஷம் ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும் வேஷம் பூசினார். கம்பெனி கலைந்தபின் 1934இல் ஊருக்குத் திரும்பி, வேண்டாவெறுப்பாகத் தறியில் உட்கார்ந்தார். பவுடர் டப்பாவை மட்டும் விடவில்லை.

ஊர் ஊராக அவர் பேர் பரவியதற்குக் காரணம் ஒரே ஒரு வித்தை. காஸ் லைட் சூட்டில் இரண்டாம் காட்சிக்குள் ராஜா முகம் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும். அப்புசாமி பூசிய ராஜா மட்டும் விடியும்வரை ராஜாவாகவே இருப்பார். வர்ணம் பூசி, ஈரத்துணியால் ஒற்றி, அதன்மேல் சீமைப் பவுடரைச் சுவருக்குச் சுண்ணாம்பு அப்புகிற மாதிரி அப்பிவிடுவார். அரைமணி நேரம் ஆள் அசையக்கூடாது. உடம்புச் சூட்டிலேயே பவுடர் உள்ளே இறங்கும். பிறகு மிச்சத்தைப் பஞ்சால் தட்டிவிடுவார். "மூஞ்சி வேகுது, ஆட்டாதே" என்பார். ஆட்டியவன் அறை வாங்கினான். அவர் விரலை உயர்த்தினால் நடிகர்கள் மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள்.

ஒருமுறைதான் தோற்றார். அம்மைத்தழும்புள்ள ஒரு நடிகருக்கு முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பூச்சுப்பொடியை எண்ணெயில் குழைத்துக் குழிகளை அடைத்து, மேலே பவுடரை வேகவைத்து அனுப்பினார். அந்த ஆள் மேடையில் வாயைத் திறந்து பாடியதும் கன்னம் பாளம்பாளமாக வெடித்தது. கொட்டகையே சிரித்தது. அப்புசாமி திரைக்குப் பின்னால் வைத்து அவரைத்தான் அடித்தார், தன் வித்தையை அல்ல.

அவருடைய ஒரே மகள் சாரதாமணிக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருந்தது. உயிர் தப்பியது; முகம் முழுக்கக் குழி. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வாய் ஓயவே ஓயாது. தறிக்கு நூலைத் தாரில் சுற்றும்போது பேசுவாள், சோறு வடிக்கும்போது பேசுவாள், யாருமில்லாவிட்டால் ஆட்டுக்குட்டியோடு பேசுவாள். பத்தொன்பது வயதுக்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் போனார்கள். மூன்றாவதாகத் தரகர் காளியண்ணன் பள்ளிபாளையத்தில் ஒரு இடம் சொன்னார். பையன் பேர் தண்டாயுதபாணி, நல்ல தறிக்காரன். இதுவும் தப்பினால் இனி ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும்.

"இந்தத் தடவை மூஞ்சிய நான் பாத்துக்கறேன்" என்றார் அப்புசாமி.

அவர் மனைவி முத்தாயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, கல்யாணமான மறுநா அவ மூஞ்சி கழுவுனா என்ன பண்ணுவீங்க?"

"தாலி ஏறுன பொறகு அவங்க ஊட்டுப் பண்டம். திருப்பியா கொண்டாந்து குடுப்பாங்க?"

பெற்ற மகளைப் பண்டம் என்றவரை என்ன சொல்வது! முத்தாயம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெண் பார்க்க வருகிற நாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. பழைய தோல்வி மறக்காததால், இந்த முறை முத்துவெள்ளைக் குழைவில் வேலம்பிசினையும் சேர்த்திருந்தார். ஒவ்வொரு குழியாக அடைத்தார். ஒரு மணி நேரம் வேகவைத்தார். பவுடர் மூக்கில் ஏறி அவள் தும்ம வந்தபோது மூக்கைப் பிடித்து நிறுத்தினார். தட்டிவிட்டுப் பார்த்தால், புதுப்பானை மாதிரி வழவழவென்று ஒரு முகம்.

"அவங்க போற வரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. தொண்டை கட்டிருக்குதுன்னு நான் சொல்லிக்கறேன். வாயத் தொறந்தா எல்லாம் வெடிச்சுரும். தெரியுதா?"

சாரதாமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

மாப்பிள்ளையும் அவன் தாயார் சென்னியம்மாளும் உச்சிக்கு முன்னால் வந்தார்கள். சென்னியம்மாள் கன்னத்திலும் அம்மைத்தழும்பு இருந்தது. அப்புசாமி அதைக் கவனித்தார். இந்தக் குழிகளை அடைக்க எவ்வளவு முத்துவெள்ளை பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது.

தறிக்காரர் வீட்டில் பெண் பார்ப்பது வெறுமனே பார்த்துவிட்டுப் போவதல்ல. நடக்கச் சொல்லிக் காலைப் பார்ப்பார்கள். அறுந்த பாவு இழையை முடியச் சொல்லிக் கண்ணையும் கையையும் பார்ப்பார்கள். பேர் கேட்டு வாயைப் பார்ப்பார்கள். சாரதாமணி நடந்தாள். தறியில் அறுந்து தொங்கிய இழையை ஒரே சொடுக்கில் முடிந்தாள். தண்டாயுதபாணியின் முகம் மலர்ந்தது.

"உம் பேரென்ன அம்மிணி?" என்றாள் சென்னியம்மாள்.

"சாரதாமணிங்க" என்றார் அப்புசாமி. "ரெண்டு நாளாத் தொண்டை கட்டிக்கிச்சுங்க."

"இருக்கட்டுமுங்க. மெல்லச் சொல்லு சாமி, கேட்டுக்கறேன்."

சாரதாமணி அப்பாவைப் பார்த்தாள். அவர் விரலை உயர்த்தினார். அவள் சிலையாக நின்றாள்.

"தொண்டை கட்டுனா பேச்சு வராது, சரி. சிரிப்புமா வராது?" சென்னியம்மாளின் குரல் மாறியது. அப்போது தண்டாயுதபாணியே, கூச்சத்தை விட்டு, "சும்மா பேர மட்டும் சொல்லுங்க" என்றான். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான். அவள் கண் நிறைந்தது.

முத்தாயம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "நல்லாப் பேசுவாளுங்க! பேசு சாமி, பேசு!"

மகள் மறுபடியும் அப்பாவைத்தான் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவர் தலையசைத்திருந்தால் போதும். ஆனால் அவர் கண்ணில் மகள் இல்லை. பாளம்பாளமாக வெடித்த அந்தப் பழைய கன்னமும் கொட்டகைச் சிரிப்பும்தான் இருந்தன. விரல் இறங்கவில்லை.

சென்னியம்மாள் எழுந்தாள். வாசலில் நின்று சொன்னாள்: "மூஞ்சியில தழும்பு இருக்குதுன்னு காளியண்ணன் முன்னாலயே சொல்லிட்டாருங்க, நீங்க பூசி மறைச்சது போகட்டும். எம்மூஞ்சியில இல்லாததா? புள்ள கலகலன்னு பேசும்னு சொன்னாரு, அதுக்கோசரந்தான் வந்தோம். ஊமைப் புள்ளைய மறைச்சுக் கட்டிவெக்கப் பாத்தீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

முத்தாயம்மாள் தெருவில் பின்னாலேயே ஓடி, "எம்புள்ள ஊமை இல்லீங்க!" என்று கத்தினாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று வண்டி நிற்காமல் போய்விட்டது.

வீட்டுக்குள் சாரதாமணி தறியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பவுடர் ஒரு பொட்டும் கரையவில்லை.

"அப்பா, இப்பப் பேசிக்கலாமுங்களா?" என்றாள். பிறகு அடக்கமாட்டாமல் வாய்விட்டு அழுதாள்.

அப்புசாமி கிட்டே போய் அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தார். பேசியாயிற்று, அழுதும் ஆயிற்று. ஒரு கீறல்கூட விழவில்லை. வேலம்பிசின் பிடித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் அந்த மனுஷருக்கு முதலில் வந்தது பெருமைதான். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் உறைத்தது.