சீட் இல்லாத சைக்கிள்

சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் பிரேக் போடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி தண்ணீர் ஜாடியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்திவிட்டார், அவ்வளவுதான். ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே முப்பத்தொரு வருஷம் பிழைத்த கால் அது. முடிவெட்டும் நாற்காலியிலும் மிதிக்கும். தொலைக்காட்சியில் கார் துரத்தல் வந்துவிட்டால் ஓயாமல் மிதிக்கும். சோபாவுக்கு முன்னால் விரித்த பாயில் குதிகால் அளவுக்கு ஒரு தேய்மானம் இருக்கிறது. "இது மூணாவது பாய்" என்கிறார் மனைவி.

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் மாஸ்டரின் மாணவர்கள். நாற்பத்தொன்பது வயதில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஆண்கள் எல்லாம் அவருக்குத் தம்பி, பெண்கள் எல்லாம் மேடம். மேடம் "அம்மா" ஆனால் எதிரே லாரி வருகிறது என்று அர்த்தம். "தாயே" ஆகிவிட்டால் லாரி வந்தேவிட்டது. முதல் வாரத்தில் நான் நாலு முறை தாயே ஆனேன். மற்றவர்கள் இருபது நாளில் கற்றுக்கொண்டு போவதை நான் ஏழு மாதம் கற்றேன். அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

மாஸ்டருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது, வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. "காரு சோறு போடுது மேடம். அதைச் செரிக்க வைக்கிறது சைக்கிள்தான்" என்பார். வீட்டிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்கு நாற்பது நிமிஷம் மிதிக்க வேண்டும். கரும்பச்சை சைக்கிள், இருபத்திரண்டு வயது. பேண்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்கக் கொடியில் துணி மாட்டும் கிளிப் இரண்டு. முன்னறையில் அக்காவின் தையல் மிஷின் இருக்கிறது. மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மிஷினுக்கு வாங்குகிற எண்ணெயில் பாதி சைக்கிள் செயினுக்குப் போய்விடும். "என் மிஷின் கத்தும், அவர் செயின் பாடும்" என்பார் அக்கா.

அறுபது தாண்டியவர்கள் கற்றுக்கொடுக்கும் உரிமத்தைப் புதுப்பிக்க உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். போன வருஷம் அதற்காக மாஸ்டர் ரத்தம் கொடுக்கப் போனார். நேரமாகிவிட்டது என்று சைக்கிளை அழுத்தி மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தது, புராஸ்டேட் சுரப்பிக்கான எண்ணைத் தவிர. அது இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

டாக்டர் கேட்டாராம்: "சமீபத்துல சைக்கிள் ஏதாவது ஓட்டினீங்களா?"

"சமீபத்துலயா? இப்ப இங்க வந்ததே அதுலதான் சார்."

சைக்கிள் சீட்டின் அழுத்தத்திலும் அந்த எண் சில சமயம் ஏறிக் காட்டும், ஒரு வாரம் ஓட்டாமல் இருந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாஸ்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். காரில் ஏறியதும் ஏறாததுமாக என்னிடம், "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் நம்ம பச்சைப் பயல் பண்ணின வேலை" என்றார். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் வந்தார். நான் ரிவர்ஸில் ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தபோதுகூட அம்மா என்று சொல்லவில்லை.

இரண்டாவது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. போதுமான அளவுக்கு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசியால் துளித் துளியாகச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். "பன்னெண்டு இடத்துல எடுத்தாங்க மேடம். ஒன்பது பாஸ், மூணு ஃபெயில்" என்றார் மாஸ்டர், சிக்னலைப் பார்த்துக்கொண்டே. "என் ஸ்டூடண்ட் இந்த மார்க் வாங்கினா லைசென்ஸ் குடுத்துருவாங்க. இங்க கேன்சர்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பச்சை விழுந்துருச்சு, எடுங்க."

அன்றைக்கு அக்கா ஸ்பேனரை எடுத்தார்.

பழுது பார்க்க இல்லை. மாடிப்படிக்கு அடியில் நின்ற சைக்கிளின் சீட்டைக் கழற்றி, எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். "பூட்டுப் போட்டா சாவியத் தேடுவாரு. சீட்டு இல்லைன்னா எதுல உக்காருவாரு?" இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட் பண்ணின வேலைதான் இது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். "டாக்டர் அந்தச் சீட்டுல ஒரு நாளாவது உக்காந்திருக்காரா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். சீட் இல்லாத இடத்தில் இரும்புக் குழாய் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மழைத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது என்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, மேலே ரப்பர் வளையமும் போட்டிருந்தார் அக்கா. கோபம் சீட்டின் மேல்தான், சைக்கிளின் மேல் இல்லை.

கதிர்வீச்சு சிகிச்சை இருபது நாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு. ஸ்கூல் முதலாளி காரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதால் என் வகுப்பு அவர் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு நாளும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அதை அடக்கிக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். "ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச்ல வண்டிய நிறுத்தி வெக்கிற மாதிரிதான் மேடம். கொஞ்சம் விட்டாலும் போச்சு. உங்களால எல்லாம் முடியாது."

சிகிச்சை முடிந்த பிறகும் அந்த அவசரம் மட்டும் அவரை விடவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை போயாக வேண்டும். எங்கள் வகுப்புப் பாதை சொல்லாமல் கொள்ளாமல் மாறிப்போனது. முன்பு பாலம், சந்தை, ரயில்வே கேட் என்று போவோம். இப்போது நூலகம், பெட்ரோல் பங்க், பெரிய பர்னிச்சர் கடை. எல்லாவற்றுக்கும் அவரிடம் தரவரிசை இருந்தது. "நூலகம் சுத்தம், ஆனா தாழ்ப்பாள் இல்ல. பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும், அங்க பாடவும் கூடாது. பர்னிச்சர் கடைதான் முதல் தரம். சோப்பு, துண்டு, ஃபேன். ஆனா சும்மா வெளிய வந்தா மரியாதை இல்ல, ஒரு கட்டிலையாவது தட்டிப் பாத்துட்டு வரணும்." அந்த மாதங்களில் அவரிடம் கற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எங்களுக்கு மேட்டில் வண்டி எடுக்க வராது, ஆனால் எவ்வளவு நெருக்கடியான இடத்திலும் ஒரே திருப்பில் நிறுத்திவிடுவோம்.

இடுப்புத் தசைக்கு ஒரு பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, பிறகு விட வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் மாஸ்டர் அதைச் சிவப்பு விளக்கில் செய்வார். முகம் மட்டும் பரீட்சை மேற்பார்வையாளர் போல இறுகிவிடும். ஒரு பெண் தன்மேல்தான் கோபம் என்று நினைத்து, சிக்னலில் அழுதே விட்டாளாம். "என்னத்தச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவேன் மேடம்?"

சீட் கழற்றி நாலு மாதம் ஆனபோது, இனி சைக்கிள் ஓட்டலாம், மெதுவாக ஆரம்பியுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடுவில் பள்ளம் உள்ள அகலமான சீட் நல்லது என்றும் சொன்னார். அக்கா எதிர்த்துப் பேசுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்திருந்தார். அக்கா பேசவில்லை. மறுநாள் தானே கடைக்குப் போய், வரிசையாக வைத்திருந்த சைக்கிள்களில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்து, ஏழாவதில் இருந்த மாதிரி ஒரு சீட்டை வாங்கி வந்து, அதே ஸ்பேனரால் மாட்டிவிட்டார். பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் ஏறவில்லை.

முதல் வாரம் டயரில் காற்று இல்லை. அடுத்த வாரம் மழை வரும் போல இருந்தது. அப்புறம் தும்மல். ஸ்டியரிங்கைக் கண்டு பயந்தவர்கள் ஆயிரம் பேரைத் தைரியப்படுத்தியவர், புது சீட்டின் மேல் கைக்குட்டையால் தூசி தட்டிவிட்டு ஸ்கூல் காரில் போய் ஏறிக்கொண்டார். ஆறு வாரம் இப்படியே போனது.

சிகிச்சைக்குப் பிறகு எடுக்க வேண்டிய முதல் ரத்தப் பரிசோதனை ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை நான் வகுப்புக்குப் போனபோது வாசலில் சைக்கிள் தயாராக நின்றது. மாஸ்டர் பேண்ட் காலில் கிளிப் மாட்டியிருந்தார். அக்கா முன்சக்கரத்துக்கு எதிரே நின்று ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தார்.

"இன்னிக்கு என்ன திடீர்னு?"

"நீதானே ஏறு ஏறுன்னு உயிரை எடுத்தே?"

"ஆறு வாரமா எடுத்தேன். அப்பல்லாம் வராத வீரம், வெள்ளிக்கிழமை ரத்தம் குடுக்கணும்னா புதன்கிழமை வந்துருச்சா? டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சைக்கிளைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அன்னிக்கு நம்பர் கூட வந்தா, 'சைக்கிள் ஓட்டினேன் டாக்டர், அதனாலதான்'னு சொல்லிடலாம். போன தடவை மாதிரி இன்னொரு வாரம் கிடைக்கும். அதானே?"

மாஸ்டர் பெல்லின் மூடியைத் துடைத்தார். ஏற்கெனவே பளபளப்பாகத்தான் இருந்தது.

"ஒரு வாரம் நிம்மதியா இருந்தா தப்பா?" என்றார்.

அக்கா ஹாண்டில்பாரை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு, "நாலு மாசம் இது மேல நான் பழி போட்டேன். பாவம், வாயில்லாதது. இப்ப நீங்க ஆரம்பிக்காதீங்க" என்றார். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் நடந்தே போய் ரத்தம் குடுப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு போன்ல முடிவு வரும். அதுக்கு முன்னாடி நீங்க ஏறிடணும். நம்பரைப் பாத்துட்டு ஏறலாம்னு உக்காந்தீங்க, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நம்பருக்காகவே உக்காந்திருப்பீங்க."

மாஸ்டர் குனிந்து கிளிப்புகளைக் கழற்றினார். அன்று நான் மூன்றாவது கியரில் பாலம் ஏற முயன்று வண்டியை இரண்டு முறை அணைத்தேன். அவர் அம்மாவும் சொல்லவில்லை, தாயேயும் சொல்லவில்லை. இறக்கத்தில் தானாகவே பேசினார்: "அந்த ஒரு வாரம் இருக்கே மேடம், ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாடி. எல்லாம் சைக்கிள் பண்ணின வேலைன்னு திரிஞ்சேன். என்ன தூக்கம் தெரியுமா? அந்த மாதிரி தூங்கி எத்தனை மாசம் ஆச்சு." அப்புறம், "கண்ணாடியப் பாருங்க, பின்னால பஸ்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன்; காலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். "அஞ்சு நிமிஷம் மேடம், வண்டியில உக்காந்திருங்க" என்றார் மாஸ்டர். நான் காரில் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். தெரு நேராகத் தெரிந்தது. பள்ளிக்கூடச் சுவர், மருந்துக்கடை, பூங்கா மூலை என்று நாலு நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம்.

அவர் ஒரு காலைப் பெடலில் வைத்தார், எடுத்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிடிக்கப் போகவில்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்தவரின் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"வலிக்குதா?"

"இல்ல. யாரோட மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்கு."

"யாரு மடின்னு தெருவுல நின்னு சொல்லாதீங்க. கிளம்புங்க."

முதல் சுற்றில் ஹாண்டில்பார் ஆடியது. வாசலைக் கடக்கும்போது, "நேரா, நேரா, தூரத்துல பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். இத்தனை மாதங்களில் எனக்கு ஆயிரம் முறை சொன்னது. இரண்டாவது சுற்றில் தோள் இறங்கியிருந்தது. மூன்றாவதில் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து கையைத் தூக்கினார். மாஸ்டர் இரண்டு முறை பெல் அடித்தார்.

அக்காவின் கையிலிருந்த போன் சிணுங்கியது. ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. திரையில் பரிசோதனைக்கூடத்தின் பெயரைப் பார்த்தார், திறக்கவில்லை. தெருவுக்கு இறங்கி நடுவில் நின்றார். பூங்கா மூலையில் மாஸ்டர் திரும்பியதும் போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். கால்கள் நின்றன. மிதிக்காத சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக்கென்று ஓடி வரும் சத்தம் காருக்குள் எனக்குக் கேட்டது. அக்கா வழிவிடாமல், போனை இறக்காமல் நின்றார்.

நாலைந்து அடி இருக்கும்போது கால்கள் மறுபடியும் மிதிக்கத் தொடங்கின. சைக்கிளைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒரு கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்து, இன்னும் ஒரு சுற்று என்று ஒற்றை விரலை அக்காவிடம் தூக்கிக் காட்டிவிட்டு, நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனார்.