நனையாத போத்தல்

எதையும் சுலபமாக விளக்கிவிடுவேன் என்று பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண்சரிவைப் பற்றிப் பேச என்னை அனுப்பியதும் அந்தப் பெயரை நம்பித்தான்.

பிளாஸ்டிக் போத்தலொன்றின் கழுத்தை வெட்டி, சிவப்புக் கோடு போட்டு, மழை அளக்கும் கருவி செய்துகொண்டு போனேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குள் எல்லாரையும் உட்காரவைத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "மலை சரியிறதுக்கு முன்னுக்கு இதில தண்ணி சிவப்புக் கோட்டைத் தாண்டும். தாண்டினா உடனே லயத்தை விட்டுப் போயிருங்க." கைதட்டினார்கள். தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில், கடைசிக் காம்பராவில் குடியிருந்த, கொழுந்து பறிக்கும் அக்காவிடம் போத்தலை ஒப்படைத்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தினமும் காலையில் அக்காவைப் போனில் அழைத்து, தண்ணீர் கோட்டைத் தாண்டியதா என்று கேட்பேன். "ஒரு சொட்டுகூட இல்ல மிஸ்" என்பார். தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சலில் அவர் குரலே சரியாகக் கேட்காது. என் ஜன்னலுக்கு வெளியேயும் அதே மழைதான். பொய் சொல்லும் ஆளில்லை அவர். அப்படியென்றால் அத்தனை மழையும் எங்கே போகிறது? மூன்றாம் நாளும் அதே பதில்தான். நாலாம் நாள் அவர் அழைப்பை எடுக்கவில்லை.

மதியம் போய்ச் சேர்ந்தேன். பனிமூட்டத்துக்குள் லயத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஆள் அரவமில்லை, நாய்கூட இல்லை. கொட்டும் மழையில், மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் மட்டும் தண்ணீர் வரவில்லை. மலைக்குள் ஊற்று வழி மாறினால் அப்படி நிற்கும் என்று வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன்.

கடைசிக் காம்பராவுக்குள் நுழைந்தேன். அடுப்புச் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. சாமித் தட்டில், படங்களுக்கு நடுவே, மஞ்சளும் குங்குமமும் வைத்து நின்றது என் போத்தல். உள்ளே தூசிதான் இருந்தது. அதை வெளியே மழையில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை. மலை அசையும்போது தண்ணீர் தானாக ஊறும் என்று நம்பி இத்தனை நாளும் பார்த்திருக்கிறார்கள். காலடியில் சிமெந்துத் தரை கை நுழையுமளவுக்குப் பிளந்திருந்தது. எல்லாரையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எதிர்மேட்டுக் கோயிலிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். விழுந்தடித்து ஓடினேன். பிள்ளைகள், சட்டிபானைகளோடு எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். காலையில் பீலி நின்றதையும், கதவு நிலையில் பொருந்தாததையும் பார்த்துப் பயந்த அக்காதான், காம்பரா காம்பராவாகப் போய் எல்லாரையும் கிளப்பியிருக்கிறார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாரமான அலுமாரியை இழுப்பதுபோல் பனிக்குள் ஒரு சத்தம் கேட்டது, நீண்டுகொண்டே போனது. பனி விலகியபோது லயத்தில் பாதியைக் காணவில்லை.

அக்கா என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க மிஸ். போத்தல் இருங்கன்னுதான் சொல்லிச்சு. நாந்தான் அத மீறி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவாயில்லக்கா" என்றேன், பெரிய மனது பண்ணி மன்னிப்பவளைப் போல.