கயல் சொன்னதைச் சொல்லாமலே போன தமிழரசி டீச்சர்

தமிழரசி டீச்சர் என் பால்வாடிப் பிள்ளை ஒருத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் சொன்னதை என்னிடம் கடைசி வரை சொல்லவும் இல்லை. அநியாயம்.

இன்று காலை பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்...

குன்னம் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு பால்வாடி. வடக்குத் தெருவில் நான், தெற்குத் தெருவில் அவர்.

அவர் டிரெய்னிங்கில் பெயர் வாங்கியவர். நான் பழைய புத்தகங்களைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டவள். பாட்டு, கதை எல்லாம் சொந்தமாகக் கட்டுவேன். ஆனாலும் ஊருக்கு அவர் "டீச்சர்", நான் வெறும் "பால்வாடி அக்கா".

கயல் என்று ஒரு பிள்ளை. நாலு வயது. என்னிடம் இருந்தவரை வாயே திறக்கவில்லை. மடியில் வைத்துப் பாடினேன், குரங்கு மாதிரி குதித்தும் காட்டினேன்... ம்ஹூம்.

பிறகு அவள் அம்மா தெற்குத் தெருவில் இருக்கும் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளையும் அங்கே மாறினாள். கொஞ்ச நாளில் பேசிவிட்டாள்!

நேரே போய் நின்றேன். டீச்சர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மந்திரம் போட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. பக்கத்துல உக்காந்து முட்டை உரிச்சேன். அவளாதான் பேசுனா."

"என்ன சொன்னா?"

"அது வேணாம்க்கா. அவ அம்மாகிட்ட பேச வேண்டியத பேசி, சரி பண்ணியாச்சு. மத்தவங்களுக்கு எதுக்கு?"

நான் மற்றவளாம். கோபத்தில் ஒரு முட்டையை எடுக்கப் போனேன். தட்டை நகர்த்திக்கொண்டார்.

"புள்ளைங்களுக்குக்கா..."

அன்று முட்டையும் கிடைக்கவில்லை.

இன்னொரு தடவை, பொம்மை கொடுக்க வந்தவர்கள் இளைத்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ கேட்டார்கள். அவர் முடியாது என்றார். பொம்மையெல்லாம் என் சென்டருக்கு வந்தது. ஒரு தடவையாவது ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

பொம்மையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீச்சர் முடியாது என்றதைத்தான் டீக்கடை வரை பேசினார்கள்.

இன்று எனக்குப் போன் செய்து செய்தி சொன்னது கயல்தான். அரியலூரில் இருக்கிறாள், அவளுக்கே ஒரு பிள்ளை. அழுதாள்.

நான் விடவில்லை. "அன்னைக்கு டீச்சர்கிட்ட என்னடி சொன்ன? இப்பவாச்சும் சொல்லு."

அழுகை நின்றது.

"பெரியம்மா... உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்னு எங்க அம்மா கடைசி வரைக்கும் தலை குனிஞ்சே நடந்துச்சு. நானும் அதான் நெனச்சேன். டீச்சர் உங்ககிட்டகூடவா சொல்லல?"

"ஒரு வார்த்தை சொல்லல. அழுத்தக்காரி."

மறுபடி அழத் தொடங்கினாள். இது வேறு அழுகை. எனக்காக இப்படி ஒருவரும் அழப்போவதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

இப்போது தெற்குத் தெரு பால்வாடியைப் பார்க்கும் மல்லிகா, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் வர வேண்டும். பாதியில் பூட்டக் கூடாது.

பேனர் அடிக்கும் தம்பிகள், பிள்ளைகள் முகம் தெரிகிற பழைய போட்டோவைப் போடாதீர்கள். அவர் இருந்தால் விடமாட்டார்.

முதல் மாலை நான் போடுவேன். அதில் யாரும் போட்டிக்கு வர வேண்டாம்.

கயல் வருவாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. நானும்தான்.

போயிட்டு வாங்க டீச்சர்...